வளைவின் உட்புறம் நின்ற மரம்

பல்செட் கட்டுபவரின் வீட்டு மாடியறையில் மேசை நீளத்துக்கு ஒரு மலை இருந்தது. அதன் அடிவாரத்தில் ஒரு பொம்மை ரயில் பாதை வளைந்து, சுரங்கத்துக்குள் புகுந்து, அலமாரியின் பக்கமாக வெளியே வந்தது. பாதையும் வண்டிகளும் அவர் மனைவியின் அண்ணனுடையவை. மலையும் மரங்களும் அவருடையவை. ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் மேசையின் இரண்டு பக்கமும் நின்று சண்டை போட்டுக்கொள்வார்கள்.

"மாப்ளே, உங்க காட்டுக்குள்ள என் வண்டி எங்க போச்சுன்னே தெரியல."

"காட்டுக்குள்ள போற வண்டி தெரியாதுதான் மச்சான். தெரியணும்னா கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பாருங்க."

மச்சான் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற எதுவும் நிற்கக் கூடாது என்பது அவர் கட்சி. நிற்பவைதான் ஓடுவதற்கு அர்த்தம் தருகின்றன என்று பல்செட்காரர் சொல்வார். சொல்லிவிட்டு, அது சரிதானா என்று அவரே யோசிப்பார்.

அவர் செய்த மரங்கள் எல்லாமே நன்றாக இருந்தன என்று சொல்ல முடியாது. ஆரம்பத்தில் செய்தவை துடைப்பத்தைத் தலைகீழாக நட்டதுபோல் இருந்தன. பிறகு கை பழகியது. பழைய மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பிகளைக் கற்றையாக முறுக்கி, கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி இரண்டாகப் பிரித்து, கடைசியில் ஒற்றைக் கம்பி நிற்கும்வரை போவார். பல் அச்சு எடுக்கும் மாவைப் பசையோடு குழைத்துப் பூசினால் அடிமரத்துக்குத் தோல் வந்துவிடும். இலைக்குச் சாயம் தோய்த்த பஞ்சு. அதை மிக்ஸியில் அடித்ததால் வீட்டில் ஒரு மிக்ஸி அவருக்கே நேர்ந்துவிட்டதுபோல் ஆயிற்று. "சட்னி பச்சையா இருந்தா சாப்பிடவே பயமா இருக்கு" என்று மனைவி சொல்லாத நாளில்லை.

மழைக்காலத் தொடக்கத்தில் மச்சானுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு பிழைத்தது, வலது கை விழுந்துவிட்டது. மருத்துவமனையில் படுக்கையருகே உட்கார்ந்து பல்செட்காரர் கம்பி முறுக்கினார். ஆறுதல் சொல்ல அவருக்கு வராது. சும்மா இருக்கும் கைகளை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அங்கே முறுக்கத் தொடங்கியதுதான் அந்தப் பெரிய மரம். மற்ற மரங்களைவிட உயரம், ஒரு சாணுக்கும் மேல். நாலாபுறமும் குடைபோல் விரிந்து, எந்தப் பக்கம் பார்த்தாலும் குறை சொல்ல இடமில்லாமல் வந்தது. அதை வளைவின் உட்புறத்தில், வேர்களை மலையோடு சேர்த்துப் பூசி நட்டார்.

நடும்போது இன்ஜினை மட்டும் ஓட்டிப் பார்த்தார். இடிக்கவில்லை. நீளமான பெட்டிகள் மச்சான் வீட்டு அலமாரியில் இருந்தன. வளைவில் நீளப்பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வரும். இந்த வேலையில் இறங்கிய எவருக்கும் அது தெரியும். பெட்டி நீளத்துக்கு ஓர் அட்டையை வெட்டி நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் எதையும் நட வேண்டும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான். அன்றைக்கு அட்டை வெட்டப் பொறுமை இல்லை. மரம் நிற்பதைப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

மச்சான் எழுந்து நடமாடத் தொடங்கியதும், தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மாடிக்கு வந்தார். பெட்டிகளையும் கொண்டுவரச் செய்திருந்தார். மரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக் காத்து உங்களுக்குத்தான் ஒத்துக்கிச்சு போல" என்றார். பாராட்டாக அவர் வாயிலிருந்து இவ்வளவு வந்தாலே பெரிது.

பிறகு இடது கையால் வேகக் குமிழைத் திருகினார். வண்டி கிளம்பியது. வளைவில் இன்ஜின் தாண்டியது. மூன்றாவது பெட்டியின் கூரையை ஒரு கிளை பிடித்துக்கொண்டது. பெட்டி சாய்ந்து, பின்னால் வந்த இரண்டையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தது.

பல்செட்காரரின் கண் முதலில் போனது கிளைக்கு. ஒடியவில்லை என்று தெரிந்த பிறகுதான் மச்சானைப் பார்த்தார். அவர் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேகம் பிடிபடல மாப்ளே. இதுவும் உதவாத கைதான். வண்டியையெல்லாம் யாராவது ஆசைப்படுறவங்களுக்குக் குடுத்துடுங்க."

கிளைதான் பிடித்தது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்ததைப் பல்செட்காரர் விழுங்கினார். சொன்னால் மரத்தை வெட்ட வேண்டும். அவர் யோசித்து முடிப்பதற்குள் மச்சான் பாதிப் படி இறங்கியிருந்தார்.

மறுநாள் காலை பல்செட்காரர், விழுந்த பெட்டியை விரலால் தள்ளிக்கொண்டு வளைவுக்கு வந்தார். கிளை உரசியது. இன்னொரு தடவை தள்ளினார். உரசத்தான் செய்தது. வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"அப்ப தப்பு எங்க அண்ணன் கையில இல்ல."

"இல்ல."

"தெரிஞ்சுக்கிட்டே வாயை மூடிட்டு இருந்தீங்களா?"

"எந்தப் பக்கமும் குறையில்லாம வந்த மரம்டி…"

"முப்பத்திரண்டும் முத்து மாதிரி வச்சா பொய்ப்பல்லுன்னு ஊருக்கே தெரிஞ்சுடும்னு சொல்லி, வயசானவங்க பல்செட்டோட ஓரத்தைத் தேய்ச்சு விடுவீங்களே. அந்தப் புத்தி மரத்துக்கிட்ட மட்டும் எங்க போச்சு?"

அவர் கம்பி வெட்டும் குறடை எடுத்தார். கிளையருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். இப்போது வெட்டிவிட்டால், மரம்தான் இடித்தது என்பதற்கு என்ன சாட்சி? மச்சானுக்குப் போன் செய்து சொன்னார்.

"தேத்துறதுக்குப் பொய் சொல்லாதீங்க மாப்ளே. நீங்க அளந்து பார்க்காம மரம் நடுற ஆளா?" என்று மச்சான் போனை வைத்துவிட்டார். எடுத்த நல்ல பெயரும் இப்படி ஒரு நேரத்தில் காலை வாரும்.

மனைவியே கிளம்பிப் போனாள். "அண்ணே, நீ வந்து பார்க்கிற வரைக்கும் இவர் அந்தக் குறடைக் கீழ வைக்கப் போறதில்ல. சாப்பாட்டுக்கும் அதோடதான் உட்கார்றார். நடக்க முடியலன்னா ஆள் வச்சுத் தூக்கிட்டுப் போவேன்" என்றாளாம். சாயங்காலம் மச்சான் மாடிக்கு வந்தார், மனசை மட்டும் கீழேயே விட்டுவிட்டு.

"குமிழைத் தொட வேணாம் மச்சான். விரலால தள்ளுங்க. எவ்வளவு மெதுவா வேணும்னாலும்."

மச்சான் இடது கை ஆள்காட்டி விரலால் பெட்டியைத் தள்ளினார். எறும்பு ஊர்வதுபோல் போனது. வளைவில் கிளை கூரையைத் தொட்டது, பெட்டி சாய்ந்தது. பின்னால் இழுத்து மறுபடி தள்ளினார். அதே கிளை. நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கே தெரியுமா?"

"கிளை பிடிச்சதைப் பார்த்தேன் மச்சான். சொல்ல மனசு வரல."

மச்சான் இடது கையை நீட்டினார். "குறடைக் குடுங்க."

பல்செட்காரர் கொடுத்தார். வெட்ட வேண்டிய கிளை ஒன்றுதான். மச்சானின் கை நடுங்கி, பக்கத்திலிருந்த இரண்டையும் சேர்த்து வாங்கிவிட்டது. குடையின் ஒரு பக்கம் மேலிருந்து கீழ்வரை மொட்டையாயிற்று. பல்செட்காரர் கண்ணை மூடித் திறந்தார்.

"இவ்வளவா மச்சான்?"

"ரயில்வே ஆளுங்க வேற எப்படி வெட்டுவாங்க? உங்ககிட்ட வந்து அளவு கேட்டுட்டா?"

மரம் அழகு குறைந்துதான் போயிருந்தது. ஆனால் இப்போது அது நிஜமான பாதையோரத்து மரம்போல் நின்றது. இதுவரை அது எங்கும் நிற்கவில்லை. உள்ளே செம்பு மினுங்கிய வெட்டு முனைகளுக்கு மாவு பூச அவர் கிண்ணத்தை எடுத்தபோது, மச்சான் வெட்டி விழுந்த கிளைகளைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றாகத் தண்டவாளத்தின் ஓரத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மேசையில் வண்டியைத் தவிர வேறொன்றை அவர் வைத்தது அதுதான் முதல் தடவை.

"அப்படியே கிடக்கட்டும். வெட்டினவன் என்னிக்கு அள்ளிட்டுப் போயிருக்கான்?"

பிறகு மச்சான் குமிழைத் திருகினார். வண்டி கொஞ்சம் வேகமாகவே வந்தது. வளைவை நெருங்கியபோது இருவரும் வண்டியையும் பார்க்கவில்லை, மரத்தையும் பார்க்கவில்லை. கூரைக்கும் வெட்டிய கிளைகளுக்கும் நடுவே தெரிந்த கீற்று வெளிச்சத்தைப் பார்த்தார்கள், கடைசிப் பெட்டி போகும்வரை.