சன்னலோரக் கட்டில்

அந்த வீட்டுக்கு வெயில் வர ஒரே வழி முன்னறைச் சன்னல். மூன்றாவது மாடி, ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அறைகள். பின்னறைச் சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். முன்னறையில் அப்படியில்லை. காலையில் உள்ளே வந்த வெயில் உச்சி சாயும்வரை, வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி, எழுந்திருக்க மனசில்லாமல் உட்கார்ந்திருக்கும். கல்யாணமாகி வந்த அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு வீடு பிடித்திருக்கிறது என்று சொன்னவள் பொத்தான்காரி. புருஷனைப் பற்றி அவளை யாரும் கேட்கவில்லை.

பொத்தான்காரி என்பது தெரு வைத்த பெயர். ரெடிமேட் கம்பெனியிலிருந்து பொத்தான்துளைக்குக் காஜா எடுத்த சட்டைகளை மூட்டையாக வாங்கி வந்து, வீட்டிலிருந்தபடியே பொத்தான் தைத்துக் கொடுப்பாள். புருஷனுக்கு ஆலையில் பாய்லர் வேலை. ராத்திரி முழுக்க நெருப்போடு நின்றுவிட்டு விடிந்தபின் வந்து படுப்பார். உலகம் விழிக்கும் நேரத்தில் அவருக்கு இருட்டு வேண்டும். “சன்னலை மூடு” என்பதுதான் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்லும் முதல் வார்த்தை. பல நாள் கடைசி வார்த்தையும் அதுதான்.

முதல் வருஷமே அவள் நூல் வாங்கப் போன கடைத்தெருவில் விதை விற்பவரிடம் ஒரு பொட்டலம் வாங்கினாள். பெரிய சாமந்தி வகை. ஒரு தடவை வேர் பிடித்துவிட்டால் வருஷா வருஷம் அதே வேரிலிருந்து பூக்குமாம். விதையை மண்ணுக்குள் புதைக்காதே, மேலே வைத்து விரலால் அமுக்கினால் போதும், அது வெளிச்சம் பார்த்துத்தான் கண் திறக்கும் என்றார் விதைக்காரர். முதல் வருஷம் வெறும் இலைதான், ஏமாந்து பிடுங்கிப் போட்டுவிடாதே, அடுத்த வருஷம்தான் பூ. முதல் மொட்டுகளை மட்டும் கிள்ளிவிடு, அப்போதுதான் செடி பக்கத்தில் கிளைத்து அடர்த்தியாகப் பூக்கும். கடைசியாக, வெயில் குறைந்தால் தண்டு நூலாக நீண்டு சாய்ந்துவிடும் என்று எச்சரித்தார். நூல் என்ற பேச்சு வந்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

பிஸ்கட் டப்பா மூடியில் மண் போட்டுச் சன்னல் கட்டையில் வைத்தாள். முளைத்தது. கடுகு அளவு இலைகள், ஜோடி ஜோடியாக. அவர் தூங்கி எழும்வரை சன்னல் மூடியிருக்கும் என்பதால், அவர் அயர்ந்ததும் ஒரு கதவை மட்டும் ஓசையில்லாமல் திறப்பாள். ஒருநாள் வெயில் நகர்ந்து அவர் முகத்தில் விழுந்தது. எழுந்தார், முழங்கையால் ஒரு தள்ளு. மூடியும் மண்ணும் முளையும் கீழே போய், சலவைக்குப் போட்டு வாங்கிய சட்டையோடு நடந்துபோன ஒருவர் தோளில் விழுந்தன. அந்த ஆள் மேலே ஏறி வந்து கத்தினார். பாய்லர்காரர் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார், சட்டையை அவளையே துவைத்துக் கொடுக்கச் சொல்லி. அன்று மாலையே அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துச் சன்னலுக்குக் குறுக்கே வைத்து ஆணி அடித்தார்.

“இனிமே வெயில் வேணும்னா தெருவுல போய் நில்லுடி” என்றார்.

அதற்கப்புறம் அவள் டியூப்லைட் வெளிச்சத்திலேயே பொத்தான் தைத்தாள். மகள் பிறந்தாள், அந்த இருட்டிலேயே படித்தாள், வெளியூரில் மருந்துக்கடை வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள். பொத்தான்காரியின் கண்ணாடி மட்டும் வருஷத்துக்கு வருஷம் தடித்துக்கொண்டு போனது. கருப்புச் சட்டையில் கருப்புப் பொத்தானைத் தடவித்தான் தைப்பாள். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அட்டை இறங்கவில்லை. பகலில் தூங்கியே பழகிய உடம்பு என்று சொல்லிவிட்டார்.

பிறகு ஒரு காலை குளியலறையில் விழுந்தார். வலது பக்கம் முழுக்கப் போயிற்று. காது கேட்கும், சொன்னது புரியும், இடது கை ஆடும். பேச்சு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், ஆளை இருட்டில் போடாதீர்கள், காற்றும் வெளிச்சமும் படும் இடத்தில் படுக்கவையுங்கள் என்றார். டாக்டர் சொன்ன மற்றதையெல்லாம் அவள் மகளிடம் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். இதை மட்டும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

ஆணிகளைச் சுத்தியலின் பின்பக்கத்தால் அவளே பிடுங்கினாள். அட்டையை மடித்து அடுப்படியில் எண்ணெய் ஜாடிக்கு அடியில் போட்டாள். கட்டிலைச் சன்னலோடு ஒட்டினாற்போல் இழுத்துப் போட்டபோது, செத்த பக்கம் சன்னலை ஒட்டி அமைந்தது. வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது. அவர் வாய் கோணி, எச்சில் வழிய, எங்கிருந்தோ ஒரு வார்த்தையைத் தோண்டி எடுத்தார்.

“மூடு.”

போன பேச்சில் அந்த ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியிருந்தது.  அவள் கடைத்தெருவுக்குப் போய் விதை வாங்கிவந்தாள். பழைய விதைக்காரர் செத்துப்போய் அவர் மருமகன் உட்கார்ந்திருந்தார். விதை அதே விதைதான்.

ஒன்று சொல்ல வேண்டும்: அவரை அவள் ஒருநாளும் அழுக்காகப் போட்டதில்லை. வேளைக்குச் சோறு, துடைத்த உடம்பு, வெளுத்த விரிப்பு. புண் வந்துவிடக் கூடாதென்று பக்கம் மாற்றிப் படுக்கவைப்பாள். கூடவே தண்டு ஒரே பக்கம் சாயாமலிருக்க, சன்னல் கட்டையில் வைத்த விதைத்தட்டையும் திருப்பிவைப்பாள். கை கால் பயிற்சி கொடுக்க வருகிறவர், இப்படி ஒரு பொண்டாட்டி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அவர் காதிலேயே சொன்னார். அவர் “மூடு” என்றார். பயிற்சிக்காரருக்குச் சந்தோஷம், பேச்சு தெளிந்து வருகிறதே என்று.

சன்னலை மட்டும் அவள் மூடவில்லை. முகத்தில் ஒரு துண்டு போட்டிருக்கலாம், போடவில்லை. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடக்க, தலைமாட்டில் உட்கார்ந்து பொத்தான் தைத்தபடி, இன்றைக்கு மூன்றாம் இலை விட்டது, இன்றைக்குத் தொட்டிக்கு மாற்றினேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். “அன்னைக்கு நீங்க சும்மா விட்டிருந்தீங்கன்னா இந்நேரம் இது பேரன் பேத்தி எடுத்திருக்கும்” என்பாள். குரல் உயராது. அவரை ‘நீங்க’ என்று சொல்வதையும் அவள் விடவில்லை.

முதல் வருஷம் இலையாகவே போயிற்று. அடுத்த வருஷம் சன்னலோரத் தொட்டிகளில் மொட்டு கண்டது, பச்சைப் பொத்தான் மாதிரி, இறுக்கமாக. கிள்ளிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நகத்தை வைத்தும் பார்த்தாள். இத்தனை காலம் காத்திருந்ததைத் தன் கையால் கிள்ள மனசு வரவில்லை. கொஞ்சமாகப் பூத்தாலும் பூக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மகள் லீவுக்கு வந்தாள். வந்தவள் அப்பாவின் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

“என்னம்மா இது, அப்பா மூஞ்சி ரெண்டு கலரா இருக்கு?”

“டாக்டர்தான் வெயில் படணும்னாரு.”

“அப்பாவுக்கா, உன் செடிக்கா?”

பொத்தான்காரி ஊசியில் நூல் கோர்த்தாள். இரண்டு தடவை தவறியது. மகள் கடைக்குப் போய்த் திரைத்துணி வாங்கி வரக் கிளம்பியபோதுதான் வாயைத் திறந்தாள்.

“மொட்டு வந்தாச்சுடி. இப்ப வெயில் போச்சுன்னா விரியாது. பூக்கட்டும், ஒரு தடவை கண்ணால பாத்துக்கறேன். பூத்த அன்னைக்கே நான் என் கையால மூடிடறேன். அதுக்கப்புறம் அவருக்கு ராத்திரியும் பகலும் ஒண்ணுதான், சரியா?”

கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறந்தார். கேட்டது, புரிந்தது. மகளும் கட்டிலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், யாருக்காக வாதாடுவதென்று தெரியாத வக்கீல் மாதிரி. திரைத்துணி வாங்கவில்லை. ஆனால் அம்மா சட்டை மூட்டையைக் கம்பெனியில் போட்டுவரப் போன நேரத்தில், எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தலைமாடு கால்மாடாகும்படி கட்டிலைத் திருப்பிப் போட்டாள். இப்போது வெயில் காலில்தான் விழுந்தது. திரும்பி வந்த பொத்தான்காரி முகத்தைச் சுளித்தாள், சண்டை போடவில்லை. செடிக்கு வெயில் படுகிறதா என்று மட்டும் பார்த்தாள். பட்டது. மகள் மறுநாள் ஊருக்குப் போனாள்.

தலைமாடு மாறினால் பக்கமும் மாறும் என்பதை இரண்டு பேருமே நினைக்கவில்லை. இடது கை இப்போது சன்னல் பக்கம் இருந்தது.

அடுத்த நாள் காலை பொத்தான்காரி புது மூட்டை வாங்கப் போய்விட்டு வந்தாள். கதவைத் திறந்ததும் ஏதோ சத்தம். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்ததே இல்லை. பாதி வாயால், கோணலாக, மூச்சு இரைய இரைய. தொட்டிகளில் இலை இருந்தது, தண்டு இருந்தது. ஒரு மொட்டுகூட இல்லை. விரிப்பில் சில, தலையணைக்குக் கீழே சில. இடது கையை மூடிவைத்திருந்தார்.

அவள் மூட்டையை இறக்கிவைத்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே கசங்கிய மொட்டுகள், ஈரத்தோடு. நகக்கண்ணில் பச்சை.  அவர் சிரிப்பு நின்று, அடி விழும் என்று எதிர்பார்ப்பவர் போலக் கண் கொட்டாமல் கிடந்தார்.

“கிள்ளணும்னுதான் விதைக்காரரும் சொன்னாரு” என்றாள் கடைசியில். “எனக்குத்தான் மனசு வரல. நீங்க சுத்தமா பண்ணிட்டீங்க. இனி ஒவ்வொரு கொம்பும் ரெண்டு மூணா கிளைக்கும்.”

விரிப்பில் கிடந்த மொட்டுகளையும் பொறுக்கினாள்.

“ஒண்ணுதான். கிளைச்சு, மறுபடி மொட்டு விட்டு, பூக்கணும். சும்மா விட்டிருந்தா ஒரு வாரத்துல மூடியிருப்பேன். இப்ப கோடை முழுக்கத் தொறந்து வைக்கணுமே.”

ஈரத்துணியால் அவர் நகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள், பச்சை போகும்வரை. எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அவருக்கு இந்தப் பக்கம் சரிப்படவில்லை என்று சொல்லி, கட்டிலைப் பழையபடி திருப்பிப் போட்டாள். வெயில் நேராக முகத்தில் விழுந்தது.

“மூடு” என்றார். “மூடு.”

மத்தியானம் மகள் போனில் கேட்டாள், பூத்துவிட்டதா, சன்னலை மூடிவிட்டாயா என்று.

“இல்லடி” என்றாள் பொத்தான்காரி, பல்லில் நூலைக் கடித்து அறுத்துக்கொண்டே. “உங்கப்பா கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு.”