ஐந்தாம் மாதம் கொண்டுபோய் விடுவது

என் தங்கை தலைப்பிரசவத்துக்காக இங்கிலாந்திலிருந்து வந்தது ஓர் ஆனி மாதம். எங்களுக்கு அம்மாவும் அப்பாவும் இல்லை. அவளுக்குத் தாய்வீடு என்றால் நாரணாபுரத்தில் நானும் என் கணவரும் இருக்கும் இந்த இரண்டு அறை வீடுதான். ஏழாம் மாதம் முடிவதற்குள், ஆடி பிறப்பதற்குள் வளைகாப்பு போட்டுவிட வேண்டும் என்று எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, நாள் பார்த்துச் சொல்லிவிட்டார். தங்கையும் மறுக்கவில்லை. அங்கே அவளும் அவள் கணவரும் மட்டும்தான். அவர் ஒரு பெரிய கிடங்கில் இரவு ஷிப்டு பார்க்கிறார். பிள்ளை பிறந்தால் பக்கத்தில் இருந்து பார்க்க ஆள் கிடையாது.

எங்கள் பக்கம் பிரசவத்துக்கு வந்த பெண்ணைப் பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போதுதான் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடுவோம். அங்கே வைத்துத்தான் பிள்ளைக்குப் பெயர். அப்பாவோடு பிறந்தவள் பிள்ளையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்ல வேண்டும். அதுவரை குட்டி, பட்டு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கூப்பிடுவோம். எனக்கு அப்படித்தான், என் சித்தி மகள்களுக்கு அப்படித்தான். இதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

தங்கையின் கணவர் புதுச்சேரிக்காரர். அவர் தாத்தா பிரெஞ்சுக்காரர்களின் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் அவர்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் பிரான்சு நாட்டுப் பாஸ்போர்ட். என் கணவர் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குப் போய்வந்த பழக்கத்தில் அமைந்த சம்பந்தம் அது. மாப்பிள்ளை பிரான்சில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, வேலை தேடி இங்கிலாந்துக்குப் போனவர். அப்போது இங்கிலாந்தும் பிரான்சும் இன்னும் பல நாடுகளும் ஒரே கூட்டமைப்பில் இருந்தன. ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டில் போய் வேலை பார்க்கலாம், பெண்டாட்டியையும் கூட்டிக்கொள்ளலாம். அப்படித்தான் என் தங்கை போனாள். அவள் போய்ச் சேர்ந்த அந்தச் சமயத்தில்தான் இங்கிலாந்து அந்தக் கூட்டமைப்பை விட்டு வெளியே வந்துவிட்டது. ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் இருந்துகொள்ளலாம் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். முதலில் தற்காலிகமாக ஓர் உரிமை. ஐந்து வருடம் விடாமல் அங்கேயே இருந்தால் நிரந்தர உரிமை. மாப்பிள்ளை முன்னாலேயே போனவர் என்பதால் அவருக்கு நிரந்தரம் கிடைத்துவிட்டது. தங்கையிடம் இருந்தது தற்காலிகம்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. நான் பத்தாவது வரை படித்தவள். பட்டாசு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். அந்த வருடம் ஆடியிலிருந்து ஐப்பசி வரை, சீசன் என்பதால், காலையில் வேனில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எனக்குச் சோறு ஆக்கி வைத்திருப்பாள். யார் யாரைப் பார்க்க வந்தது என்று அத்தை கேலி செய்வார்.

புரட்டாசியில் ஆண் குழந்தை பிறந்தது. ஆபரேஷன்தான் செய்ய வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் பிறப்புச் சான்றிதழுக்குப் பெயர் கேட்டார்கள். "பெயரெல்லாம் அஞ்சாம் மாசம்மா, சும்மா விடுங்க" என்று அத்தை சொல்லிவிட்டார். அவர்களும் பெயர் இல்லாமலே பதிந்து கொடுத்தார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான்.

தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருந்தது. கார்த்திகை பிறந்திருந்தது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பேசினார். தங்கை போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"டிக்கெட் போடணும். டிசம்பர் முடியறதுக்குள்ள வந்துடுங்க" என்றார்.

"மாசியிலதான விடுவாக" என்றாள் தங்கை.

"மாசியா? எதுக்கு மாசி?"

"அப்பதான அஞ்சாம் மாசம்?"

 மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். "அக்கா, எங்க ஊர்ல மூணாம் மாசமே அனுப்பிடுவாங்க. நான் அதைத்தான் மனசுல வச்சிட்டு இருந்தேன். முன்னால மூணு, பின்னால மூணு, ஆறு மாசம். அதுக்கு மேல ஆகக்கூடாதுக்கா."

ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த ஐந்து வருடத் தொடர்ச்சி அறுந்துவிடும். அறுந்தால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கவும் முடியாது. நாடு கூட்டமைப்பை விட்டு வந்ததோடு அந்த வழியை அடைத்துவிட்டார்கள். தற்காலிக உரிமை தீர்ந்த பிறகு அவள் அங்கே இருக்க முடியாமல் போகலாம். மாப்பிள்ளை அங்கே, இவள் இங்கே, பிள்ளை நடுவில். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அத்தை கதவுப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "பாகம் பிரிச்சுக்கிட்டான், அம்புட்டுத்தான?" என்றார். "கூட்டுக்குடும்பத்துல இருந்து ஒருத்தன் தனியாப் போயிட்டான். சரி. வீட்டுக்குக் கட்டிட்டு வந்த பிள்ள என்ன செஞ்சா? அவளை எதுக்கு வாசல்ல நிறுத்தணும்?"

"அப்படி இல்ல அத்தை" என்றாள் தங்கை.

"எப்படி இல்ல? அந்த வெள்ளைக்காரன் நம்ம ஊருக்கு வந்து எம்புட்டுக் காலம் இருந்தான்? ஆறு மாசத்துல கெளம்பிட்டானா?"

போனுக்குள் மாப்பிள்ளை சிரித்துவிட்டார். தங்கை சிரிக்கவில்லை.

சிக்கல் பிள்ளைதான். அவனுக்குப் பாஸ்போர்ட் இல்லை. பிரான்சு பாஸ்போர்ட் வாங்க முதலில் அவன் பிறப்பைப் புதுச்சேரியில் பிரெஞ்சு அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்குப் பெயரோடு பிறப்புச் சான்றிதழ் வேண்டும். எங்களிடம் இருந்ததோ பெயர் இல்லாத சான்றிதழ். எவ்வளவு ஓடினாலும் பாஸ்போர்ட் வர மாசி பங்குனி ஆகிவிடும் என்றார். ஆகவே அவள் மட்டும் டிசம்பருக்குள் போய்விட வேண்டும், பிள்ளையை நான் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு அவர் வந்து கூட்டிப்போவார். அவர் சொன்னது அதுதான். வேறு வழி எனக்கும் தெரியவில்லை. நான் சரி என்றேன். கம்பெனி திறந்தால் லீவு சொல்லிவிடலாம், பால் பவுடருக்குப் பழக்கிவிடலாம் என்று மனதுக்குள் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டேன்.

எது எப்படி ஆனாலும் முதலில் பெயர் வைத்தாக வேண்டும். மாப்பிள்ளையின் அக்கா பிரான்சில் இருக்கிறார். அவரால் வர முடியாது. அத்தை ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "போன்ல சொல்லச் சொல்லு. காதுல விழுந்தாச் சரிதான்" என்றார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு, பிள்ளையின் காதருகே நான் போனைப் பிடித்துக்கொண்டேன். அந்த அக்கா அங்கே விடிவதற்கு முன்பே எழுந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தாராம். ஒரு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொன்னார். லைன் போய்விட்டது.

"ரெண்டு போதும்ல?" என்று கேட்டேன்.

"எப்படிப் போதும்? மூணாந்தரம் சொல்லாட்டி அது பேரா?" என்றார் அத்தை. மழையில் டவர் கிடைக்காமல், குடையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைக் கடை வாசலுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் முன்னால் வைத்து மூன்றாம் தடவை பெயர் சொல்லி முடிந்தது. அவர் பிள்ளைக்கு ஒரு மிட்டாய் பாக்கெட் கொடுத்தார். பல் இல்லாத பிள்ளை அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று தங்கை அன்றைக்குத்தான் சிரித்தாள்.

டிக்கெட் போடச் சொல்லி மாப்பிள்ளை மறுபடி கேட்டபோது, "நான் போகலை" என்றாள்.

"யோசிச்சுச் சொல்றியா, கோவத்துல சொல்றியா?" என்று கேட்டார்.

"யோசிச்சுத்தான் சொல்றேன். பால் குடிக்கிற பிள்ளைய விட்டுட்டு அங்கன வந்து நான் எதைக் காப்பாத்தப் போறேன்?"

"அவன் பெரியம்மாகிட்டத்தான இருக்கப்போறான்?"

"அக்கா பாத்துக்கிடும். நான் எப்படிப் பாக்காம இருக்கதுன்னுதான் தெரியலை."

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். போ என்றும் சொல்ல வரவில்லை, இரு என்றும் சொல்ல வரவில்லை. அடுப்பில் ஏதோ இருப்பதுபோல் உள்ளே போய்விட்டேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து மாப்பிள்ளை அங்கே விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டுப் பேசினார். தகுந்த காரணம் இருந்தால் ஒரே ஒரு தடவை மட்டும் ஒரு வருடம் வரைக்கும் வெளியே இருப்பதை ஒத்துக்கொள்வார்களாம். பிரசவம் அந்தக் காரணங்களில் ஒன்றாம். ஆனால் ஒத்துக்கொண்டார்களா என்பது இப்போது தெரியாது. ஐந்து வருடம் முடிந்து நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பார்ப்பார்கள். இப்போதைக்கு டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தங்கைக்கு உடம்பு சரியில்லாததால் நான் போனேன்.

டவுன் பஸ்ஸில் ஏறியதிலிருந்து என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் என் முறை வந்தும் பின்னால் இருந்த இரண்டு பேரை முன்னால் போகச் சொன்னேன். கடைசியில் நர்ஸ் வந்து, "நீங்க யாரும்மா, பேஷண்ட் எங்க?" என்று கேட்டுக் கையைப் பிடித்து உள்ளே விட்டார்.

டாக்டரம்மா கேட்டார், "பிள்ளை நல்லா இருக்கான், தாயும் நல்லா இருக்கா. நான் என்னன்னு எழுதட்டும்?"

"நடந்ததை எழுதுனாப் போதும் டாக்டர்."

"எதுக்குன்னு சொல்லுங்க."

"இங்கிலாந்து ஐரோப்பாக் கூட்டமைப்புல இருந்து வெளிய வந்துருச்சுல்ல, அதுக்கு."

அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். "அதுக்கும் என் லேபர் வார்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

மனதுக்குள் ஓட்டிப் பார்த்ததெல்லாம் போய்விட்டது. தப்பும் தவறுமாகத்தான் சொன்னேன். ஏழாம் மாதம், ஐந்தாம் மாதம், பெயர் வைக்காதது, பாஸ்போர்ட், எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "என் மகளுக்கும் அஞ்சாம் மாசந்தான் அனுப்பினோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். ஆபரேஷன் நடந்ததையும், எந்தத் தேதி வரை பயணம் செய்யக்கூடாது என்று தாம் சொல்லியிருந்ததையும், குழந்தை தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறது என்பதையும் எழுதினார். உள்ளதற்கு மேல் ஒரு வரி எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

பாஸ்போர்ட் வந்து, பிள்ளைக்கு இங்கிலாந்துக்குள் நுழைய அனுமதியும் வந்து, பங்குனியில் அவர்கள் போனார்கள். மாப்பிள்ளை வந்து கூட்டிப்போனார். ஐந்தாம் மாதம் கொண்டுபோய் விடுவதற்கென்று அத்தை எடுத்து வைத்திருந்த வெள்ளி அரைஞாணை மதுரை விமான நிலைய வாசலில் வைத்துக் கட்டிவிட்டோம். அதற்கு மேல் எங்களை உள்ளே விடவில்லை.

அதன் பிறகு அந்த ஐந்து வருடம் முடியக் காத்திருந்ததுதான். அவள் ஊருக்கு வரவே இல்லை. இனி வெளியே போகும் ஒவ்வொரு நாளையும் எண்ணுவார்கள் என்று பயம். இடையில் என் கணவருக்கு விபத்தாகிக் காலில் கம்பி வைத்தபோதும் வரவில்லை. வரவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அங்கே சட்டத்தில் ஏதாவது மாற்றினால் மாப்பிள்ளை போன் செய்வார். சில தடவை நல்ல மாற்றம் என்பார். சில தடவை இன்னும் புரியவில்லை என்பார். ஒரு கட்டத்துக்கு மேல் நான் விவரம் கேட்பதை விட்டுவிட்டேன். பிள்ளை என்ன சாப்பிட்டான் என்று மட்டும் கேட்பேன்.

எங்கள் கம்பெனியில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெடிமருந்து இருக்கும் இடம் என்பதால் உள்ளே கொண்டுபோகக் கூடாது. இந்த வருடம் சீசன் முடியப் போகும் ஒரு சாயங்காலம் போனைத் திரும்ப வாங்கியபோது தங்கையின் அழைப்புகள் நிறைய இருந்தன. வேனில் எல்லாரும் பேசிக்கொண்டு வந்தார்கள். அங்கே வைத்துக் கூப்பிட மனது வரவில்லை. வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, உட்கார்ந்த பிறகுதான் கூப்பிட்டேன்.

"நிரந்தரம் கெடைச்சுருச்சுக்கா" என்றாள். அவள் குரலில் சந்தோஷம் தெரியவில்லை. நாள் முழுக்கத் துணி துவைத்த ஆள் மாதிரி பேசினாள். "அந்தப் பிரசவத்தை ஒத்துக்கிட்டாக. டாக்டரு எழுதுனதையும் பாத்துருக்காக."

அத்தை பக்கத்தில் வந்து, "எங்க, அதைக் காட்டச் சொல்லு பாப்போம்" என்றார்.

"காட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல அத்தை. தாளு, அட்டை எதுவும் தர மாட்டாக. எல்லாம் கம்ப்யூட்டர்லதான் இருக்கும்."

"இம்புட்டு வருசம் அலைய விட்டுட்டு ஒரு அட்டை கெடையாதா? நம்மூர்ல சொல்லியிருந்தா நாலு கலர்ல அடிச்சுக் குடுத்துருப்பாகளே."

"இனிமே ஆறு மாசம் கணக்குப் பாக்க வேண்டாம்க்கா. வருசக்கணக்குல வெளிய இருந்தாலும் போகாதாம்" என்றாள்.

"அப்ப வந்து நல்லா இருந்துட்டுப் போயேன். சீசன் முடிஞ்சுரும், நானும் வீட்டுலதான் இருப்பேன்."

 பின்னால் பிள்ளை அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷில் எதற்கோ அடம்பிடித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் வேலை கெடைச்சுருக்குல்லக்கா. அவனைப் பள்ளிக்கூடத்துல போட்டாச்சு. ரெண்டு வாரம் லீவு கேட்டுருக்கேன், பாப்போம்" என்றாள்.

சரி என்றேன். அத்தை இரண்டு வாரத்தில் எந்தக் கோயிலுக்குப் போவது, எப்போது மொட்டை போடுவது என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். நான் மறுநாள் கம்பெனிக்குக் கொண்டுபோகும் சோற்றுக்கு அரிசி களையப் போனேன்.