பச்சைப் பூஞ்சையும் எங்கள் லேப் கூலரும்

எழுபதுகளின் கடைசியில் டெல்லியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். மே மாத வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பழனி என்ற நோயாளியின் சளியைப் போட்டு வளர்த்த பிளேட்டைத் திறந்தால், மறுபடியும் பச்சைப் பூஞ்சை!

பழனி சேலத்துக்காரர். டி.பி. என்று மாதக்கணக்கில் ஊசி போட்டும் இருமலும் இரைப்பும் நிற்கவில்லை. சளியில் டி.பி. கிருமி ஒரு தடவைகூட அகப்படவில்லை. ஆனாலும் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, கைக்குழந்தையை அவர் மனைவி முனிர்காவில் தன் அண்ணன் வீட்டில் விட்டிருந்தாள்.

"பிள்ளையத் தூக்கி எத்தன மாசமாச்சுங்கக்கா," என்பார், சளி டப்பாவை நீட்டும்போதெல்லாம்.

எங்கள் டாக்டர் மேடம் பஞ்சாபி. பிளேட்டைப் பார்த்ததும் லேப் கூலரைக் கைகாட்டினார். ஈர வெட்டிவேர்த் தட்டி வழியாக வரும் காற்றில் பூஞ்சை வித்து பறக்கும், அது விழுந்திருக்கும், தூக்கிப் போடு என்றார். நியாயம்தான். கோடையில் அப்படி எத்தனையோ பிளேட்டை எறிந்திருக்கிறோம். இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. கூலரை நிறுத்திவிட்டு ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"அச்சா, பந்த் கரோ," சரி, நிறுத்து என்றவர், வெக்கையில் வேகப்போகும் மற்றவர்களின் திட்டை மட்டும் நீயே வாங்கிக்கொள் என்று சிரித்தார். வயிறு நிறைய வாங்கினேன்.

பழனியின் சளியோடு வேறு சிலருடையதையும் போட்டு வைத்தோம். திறந்த காலையில் மற்றதெல்லாம் சுத்தம். பழனியின் பிளேட்டில் மட்டும் பச்சை! அவர் துப்பியிருந்த பழுப்புக் கட்டியை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கிளை கிளையாகப் பூஞ்சை இழை. மேடம் குனிந்து, லென்ஸைத் திருகித் திருகிப் பார்த்தார். பிறகு, "ஆஸ்பெர்ஜில்லஸ்," என்று அந்தப் பூஞ்சையின் பெயரைச் சொன்னார். அப்படியானால் அது கூலர் காற்றில் விழுந்ததல்ல, பழனியின் நெஞ்சுக்குள்ளிருந்தே வந்தது. எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

அப்புறம்தான் பழனியிடம் என்ன வேலை என்று கேட்டேன்.

"சாணக்யபுரி பங்களாவுல கூலர் வேலைங்கக்கா. போன வருசத்துத் தட்டிய அடிச்சு ஒதறி, திரும்பக் கட்டுவோம்."

நானும் மேடமும் வார்டு டாக்டரிடம் ஓடினோம். தோலில் ஊசி குத்திச் சோதித்தார்கள். அந்தத் தூசியிலிருந்த பூஞ்சைக்கு அவருடைய நுரையீரல் காட்டிய ஒவ்வாமைதான் இத்தனையும். டி.பி. ஊசி நின்றது, வேறு மாத்திரை வந்தது, இரைப்பு அடங்கியது.

மழைக்காலத்தில் பழனி குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு லேபுக்கு வந்தார். உங்கள் கூலருக்கு நானே தட்டி மாற்றித் தருகிறேன் என்று கிட்டே போனார்.

"அதத் தொட்டீங்க, பிள்ளைய நான் வச்சுக்குவேன்," என்றேன். சட்டென்று பின்வாங்கினார்.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. பச்சை பூத்த பிளேட்டை எறியலாம், தப்பில்லை. ஆனால் அதே நோயாளியின் பெயரில் மறுபடியும் பூத்தால், கூலரை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை போடுங்கள். வேர்த்தால் வேர்க்கட்டும்.