மாம்சம் தெரிந்தவர்

மூன்றாவது தடவையாகக் கையைத் தேய்க்கிறார் கறிக்கடைக்காரர். முதலில் சோப்பு, அடுத்து காப்பித்தூள், கடைசியில் பிழிந்து போட்ட எலுமிச்சை மூடி. நகக்கண்ணில் பழைய பல் பிரஷ்ஷை விட்டு ரத்தம் வராத குறையாகத் தேய்த்துவிட்டு, கையை மூக்கருகே கொண்டுபோகிறார். "போகலையே" என்கிறார். சமையலறையிலிருந்து மனைவி, "இன்னும் தேய்ச்சா தோல்தான் போகும்" என்கிறாள்.

கடையில் பார்த்தால் இந்த மனிதரா அவர் என்று தோன்றும். எலும்பு எங்கே சேர்கிறது என்பது பார்க்காமலே தெரியும், வெட்டமாட்டார், பிரிப்பார். நேற்றைய கறியை யாராவது கெஞ்சிக் கேட்டாலும் கிடைக்காது. "மனுஷங்க சாப்பிடறதுங்க" என்பார், அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் பொட்டலத்தை யார் கையிலும் கொடுக்கமாட்டார். மேடையில் வைத்துத் தள்ளிவிடுவார்.

மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள், "அப்பா, நீங்க ஸ்கூல் பக்கம் வராதீங்க. வாடை அடிக்குதுன்னு சிரிக்கிறாங்க" என்றாள். சொன்னவள் அன்று மாலையே மறந்திருப்பாள். இவர் பதினாறு வருடமாக மறக்கவில்லை. அவள் கல்யாணத்தன்றும் எட்ட நின்றுதான் ஆசீர்வதித்தார். இப்போது பேரனுக்கு மூன்று மாதம். ஒருதடவைகூடத் தூக்கவில்லை. ஆசை இல்லாமலா? கடையில் ஆள் இல்லாத நேரத்தில் மடக்கிய கையை லேசாக ஆட்டிக்கொண்டிருப்பார். யாராவது பார்த்துவிட்டால், கை மரத்துப்போச்சு என்று சமாளிப்பார்.

போன வாரம் வேதபாட வகுப்பில் போதகர், கடவுள் மனிதனானதைப் பற்றிப் பேசினார். 'அந்த வார்த்தை மாம்சமாகி' என்ற வசனத்தில் மாம்சம் என்றால் என்ன என்று கேட்டு, மனித இயல்பு, மனித சுபாவம் என்று அவரே விளக்கிக்கொண்டு போனார். பின்வரிசையில் வாயே திறக்காத நம் ஆள் எழுந்து நின்றார்.

"ஐயா, மாம்சம்னா கெட்டுப்போறதுங்க. மத்தியானம் வரைக்கும் வெளிய வச்சா வாடை வந்துடும். தினம் அதுலதான் கை வைக்கிறேன். கெடாதவரு, தெரிஞ்சே அதைப் போட்டுக்கிட்டாரே. நல்லா இருங்கன்னு தூரத்துல இருந்தே சொல்லியிருக்கலாம்ல? நம்மளைத் தொடணும்னு வந்திருக்காருங்க."

போதகர் தலையாட்டிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனார். வீட்டுக்கு வரும் வழியில் மனைவிதான் விடவில்லை. "ஊருக்கெல்லாம் நல்லா சொல்றீங்க. மாட்டுத் தொழுவத்துல பொறந்தவரு சகிச்சுக்கிட்ட வாடையை உங்க பேரன் சகிச்சுக்க மாட்டானா?"

"அவரு பெரிய மனசுக்காரரு. இவன் அவங்கம்மா பிள்ளையாச்சே" என்றார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார், இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

இன்று மகள் வந்திருக்கிறாள். இத்தனை கழுவலும் அதற்காகத்தான். கை துடைத்துக்கொண்டு அவர் அறைக்குள் வந்ததும், "அப்பா, இவனைக் கொஞ்சம் பிடிங்க, முகம் கழுவிட்டு வந்துடறேன்" என்று குழந்தையை நீட்டினாள். அவர் கைகளும் நீண்டன, பாதியில் நின்றன.

"கட்டில்ல போடும்மா. நான் பாத்துக்கறேன்."

அவள் போட்டுவிட்டுப் போனாள். குழந்தை கையையும் காலையும் உதைத்துக்கொண்டு அவரையே பார்த்தது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கறிக்கடைக்காரர் கட்டிலருகே முழங்காலிட்டார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு, மெல்லக் குனிந்து, பேரனின் உச்சியை முகர்ந்தார்.