குளவி அறைக்குள் புகுந்த கொசுப்புகை

போன வாரம் எங்கள் கன்னிவாடித் தெருவுக்குக் கொசுப்புகை வண்டி வந்தது. தெருவே மூக்கைப் பொத்தியது. நான் நெஞ்சைப் பொத்தினேன்.

ஏன் என்கிறீர்களா? என் வீட்டு உள்ளறையில், கண்ணாடிக் குழாய்களில் குட்டிக் குளவிகள் இருந்தன. எறும்பைவிடச் சிறியவை. புத்தகத்தில் நீளமாக ஒரு பேர் உண்டு. அதை எழுத எனக்குக் கை வராது. தென்னை ஓலையின் பச்சையைச் சுரண்டித் தின்னும் கருந்தலைப் புழுவைத் தேடிப்போய், அதன் மேலேயே முட்டையிடும்; பொரிந்த குஞ்சுகள் அதையே தின்னும். புழு காலி. கம்பு நொய்யில் அந்துப்பூச்சிப் புழு வளர்த்து, அதில் இவற்றை முட்டையிட வைத்து, தேன் தொட்டுக் கொடுத்து... இந்தத் தெருவில் அந்தக் கை எனக்கு மட்டும்தான். சொல்லிக்கொள்ளக் கூச்சமில்லை.

அன்று சாயங்காலம் அவற்றை அடுத்த வீட்டுச் செல்வியின் தோப்பில் விடுவதாக இருந்தது. அவள் மரங்கள் தீயில் வாட்டியதுபோல நிற்கின்றன. இனியும் தள்ளிப்போட்டால் காய் பிடிக்காது.

வாசலில் புகைக்காரர் மெஷினோடு நின்றார்.

“ஆத்தா, கதவைத் தொறந்து வைங்க. கொசு உள்ளதான் ஒளிஞ்சிருக்கும்.”

“என் வீட்டுல இருக்கது கொசு இல்லப்பா. குளவி.”

“குளவியா? அதுவும் சாகும் ஆத்தா, பயப்படாதீங்க!”

“அதுக்குத்தானப்பா பயப்படுறேன்! ஆரு உன்னைய வரச் சொன்னது?”

“நாந்தான் பெரியம்மா, போன் போட்டேன்” என்றாள் செல்வி. அவள் இடுப்பில் மகள், காய்ச்சலில் துவண்டு கிடந்தாள். அடுத்த தெருவில் ஒரு பிள்ளைக்கு டெங்கு என்று பேச்சு.

இதற்கு மேல் எந்த வாயால் சண்டை போடுவது?

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஈரச் சேலையைக் கதவிடுக்கில் திணித்தேன். குழாய்களை மடியில் வைத்து முந்தானையால் மூடினேன். வெளியே மெஷின் உறுமியது. டீசல் வாடை... கூரை ஓட்டு இடுக்கு வழியாக வெள்ளையாகப் புகை இறங்கியது. இருமல் வந்தது. இருமக்கூடப் பயம் — குழாய் குலுங்கிவிடுமே!

சத்தம் ஓய்ந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. விரலால் தட்டினேன். மறுபடியும் தட்டினேன்.

செல்வி வந்து நின்றாள். “என்ன பெரியம்மா... அம்புட்டும் போச்சா? என் மரம்?”

“சும்மா இருடி. வாயை வைக்காத.”

ஒரு குளவி கண்ணாடியில் ஏறியது. அப்புறம் இன்னொன்று. பாதிக்கு மேல் எழவே இல்லை.

எழுந்தவற்றைத் தோப்பில் விட்டோம். அம்புட்டுப் புழுவுக்கு இந்தக் குளவி போதுமா? மறுபடியும் வளர்க்கத் தொடங்கிவிட்டேன்.

குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது; டெங்கு இல்லை. செல்வி கொசுவலை வாங்கிவிட்டாள். இனி வண்டியைக் கூப்பிடவே மாட்டேன் என்று சத்தியம் செய்கிறாள்.

சரிதான். ஆனால் எங்கள் தெருவில் போன் இல்லாத வீடு எது?