இரவிச்சந்திரனின் ரவை

இரவிச்சந்திரன் கெபெக்கில் பியர்பொன்ட்ஸ் என்ற ஊரில் ஒரு சிறிய பங்களாவில் குடியிருக்கிறார். வயது ஐம்பத்தெட்டு. விமான உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடமாக லேத் வேலை. மயிரிழை அளவு தப்பினாலும் துண்டைத் தூக்கிக் குப்பையில் போடுகிற இடம் அது. வீட்டிலும் ஆள் அப்படித்தான். இடியப்பத் தட்டு ஒரு பக்கம் சரிந்திருந்தால் சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்பி வந்து நேராக்கி விட்டுப் போவார். மனைவி துஷாந்தினி அதைப் பார்த்துச் சிரிப்பதை எப்போதோ விட்டுவிட்டாள்.

தொழிற்சாலையில் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர் ரேஜான், கெபெக் ஆள். அவர் ஒரு சனிக்கிழமை இவரை லவால் நகருக்கும் வடக்கே இருக்கிற ஒரு சுடுகழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நூறு மீட்டர் தள்ளி ஒரு காகிதம். அதில் ரேஜான் சுட்ட ஐந்து துளைகள், ஐந்தும் ஒரு சட்டைப் பொத்தானால் மறைக்கக்கூடிய இடத்துக்குள். இரவிச்சந்திரனுக்கு அது சுடுவதாகவே தெரியவில்லை. தூரத்தில் நின்று அளப்பதாகத் தெரிந்தது. வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுத்தார்.

“துவக்குச் சத்தம் வேண்டாமெண்டுதானே ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து அதையே தேடிப் போறியளே?” என்று துஷாந்தினி கேட்டாள்.

 உயிர் எதையும் சுடமாட்டேன் என்று மட்டும் சொன்னார். நிலவறையில் இரும்பு அலுமாரி வாங்கிப் பூட்டி வைத்தார். அதன் பிறகு பதினொரு வருடம் அவர் கீழே வேலை செய்யும்போது துஷாந்தினி படியிறங்கி வந்ததில்லை. மேலே நின்று, “தேத்தண்ணி ஆறுது” என்பாள். அவர் போய் எடுத்துக்கொள்வார்.

இரண்டு வருடத்துக்கு முன் ரேஜானுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. லவாலில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனார். போகுமுன் தன் ரைபிளை முறைப்படி இரவிச்சந்திரன் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்.

அது ஒரு விநோதமான ரைபிள். ரேஜானின் நண்பர் ஒருவர் அதன் ரவை வைக்கும் உள்ளறையைத் தம் விருப்பத்துக்குச் சற்று அகலமாகக் கடைந்திருந்தார். அதற்குப் பொருந்தும் துப்பாக்கி ரவை எந்தக் கடையிலும் இல்லை. ரவையின் வெளிக்கூடான சாதாரணப் பித்தளைக் கோதை அந்த அறைக்குள் வைத்து ஒரு தடவை வெடிக்க வேண்டும். உள்ளே எழும் அமுக்கத்தில் பித்தளை ஊதி, அறையின் சுவரோடு ஒட்டி, அதன் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். பிறகு அந்தக் கோது அந்த ஒரு ரைபிளுக்குத்தான். ரேஜானிடம் மிஞ்சியிருந்த பழைய கோதுகள் எல்லாம் கழுத்தில் கீறிப் பிளந்து போயிருந்தன.

“கோதை வடிவெடுக்க வைக்கக் குண்டை வீணாக்காதே,” என்று ரேஜான் தொலைபேசியில் சொன்னார். “கொஞ்சம் வெடிமருந்து. அதற்கு மேல் கஞ்சி காய்ச்சுகிற கோதுமை ரவை. வாயை மெழுகால் அடை. என் காலம் முழுக்க அப்படித்தான் செய்தேன்.”

இரவிச்சந்திரன் குசினி அலுமாரியில் ரவைப் போத்தலைக் கண்டு கீழே கொண்டுபோனார். மருந்தைத் தராசில் நிறுத்தார். புதிதாக வாங்கிய இருபது கோதுகளும் ஒரே மாதிரி வந்தன. சனிக்கிழமை கழகத்தில் முதலாவதை வெடித்தபோது “புஸ்” என்று ஒரு சத்தம். கோது போன மாதிரியே திரும்பி வந்தது. இருபதும் அப்படித்தான். பக்கத்து மேசைக்காரர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிச் சிரித்தார்.

அடுத்த வாரம் மருந்தை மாற்றிப் பார்த்தார். மருந்துக்குப் பொறி கொடுக்கிற கேப்பை மாற்றிப் பார்த்தார். தராசைக் கழற்றிப் பூட்டினார். ஒன்றும் சரிவரவில்லை. ரேஜானிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. இரண்டு கிழமை வீட்டில் அதிகம் கதைக்காமல் திரிந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை துஷாந்தினியின் குரல் படி மேலிருந்து வந்தது.

“இஞ்சாருங்கோ, கேசரிக்கு வச்ச ரவையைக் கண்டனீங்களே?”

“இஞ்சை கிடக்கு.”

“ரவையைக் கொண்டுபோய் என்ன செய்யிறியள்?”

“ரவை செய்யிறன்.”

 பிறகு படியில் காலடி கேட்டது. துஷாந்தினி பாதிப் படி இறங்கி, அங்கேயே உட்கார்ந்தாள்.

“ஆருக்கும் படுமே?”

“குண்டே இல்லை. உன்ரை ரவை மட்டும்தான். அதுவும் வெடிக்குதில்லை.”

அவர் நடந்ததெல்லாம் சொன்னார். அவள் மீதிப் படியும் இறங்கி வந்து போத்தலைத் திறந்து மணந்து பார்த்தாள்.

“இது நெய்யிலை வறுத்து வச்சதெல்லோ. அந்த நெய் உங்கடை மருந்தை நனைக்காதே?”

இரவிச்சந்திரன் நிரப்பி வைத்திருந்த ஒரு கோதைப் பிரித்துக் கொட்டிப் பார்த்தார். மருந்து ஈரமாகக் கட்டிபட்டிருந்தது. ஆயிரத்தில் ஒரு பங்கு அளக்கிற மனிதர் போத்தலை ஒரு தடவை மணந்து பார்க்கவில்லை.

“பச்சை ரவை மேல் தட்டிலை கிடக்கு,” என்றாள். “நாளைக்கு நானும் வாறன்.”

“நீயோ?”

“குண்டு இல்லையெண்டுதானே சொன்னனீங்கள். காதுக்குப் போட ஏதும் தருவினமோ?”

அடுத்த நாள் காலை பதினொரு மணிக்கு அவள் கழகத்து வாங்கில், பெரிய காதுறையும் குளிர்க் கோட்டும் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் இறுகப் பிடித்தபடி இருந்தாள். முதல் வெடிக்கு உடம்பு தூக்கிப் போட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். இரவிச்சந்திரன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அருகே போனார்.

“போவமே?”

அவள் தலையாட்டி மறுத்தாள். பிறகு மூக்கைச் சுளித்து, “ரவை வறுத்த மணம் வருது,” என்றாள்.

உண்மைதான். மேசையெல்லாம் வெந்த ரவைத் தூள். அவர் கோதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். இளஞ்சூடாக இருந்தது. வெடிக்காத கோது ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெடிக்காததற்குக் கழுத்துக்குக் கீழே தோள் சரிந்திருந்தது. வெடித்ததற்கு நிமிர்ந்து விளிம்பு எழும்பியிருந்தது.

“தோள் நிமிந்திட்டுது,” என்றாள்.

அன்றைக்கு இருபதில் பத்தொன்பது சரியாக வந்தன. ஒன்றின் கழுத்தில் மட்டும் கீறல் விழுந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தவளும் துஷாந்தினிதான். பகல் முழுதும் கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்து, பிள்ளைகள் வாயில் போடுகிற சின்னச் சாமான்களைத் தேடிப் பழகிய கண் அது.

மாசிக் குளிரில் இருவரும் லவாலுக்குப் போனார்கள். ரேஜான் கதிரையில் சாய்ந்திருந்தார். புதுக் கோதில் ஒன்றை நடுங்கும் விரலால் தடவிப் பார்த்தார். அந்தக் கோதுகளில் குண்டு வைத்து இரவிச்சந்திரன் சுட்ட காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துத் துளைகளை எண்ணினார். நெய்க் கதையை இரவிச்சந்திரன் மறைக்கப் பார்த்தார். துஷாந்தினி தன் கார்டெரிப் பிரெஞ்சில் முழுவதையும் சொல்லிவிட்டாள். ரேஜான் சிரித்த சிரிப்பில் தாதி வந்து எட்டிப் பார்த்தாள்.

துஷாந்தினி இன்னும் துப்பாக்கியைத் தொடவில்லை, தொடப் போவதுமில்லை என்கிறாள். ஆனால் நிலவறையில் இரண்டாவது கதிரை ஒன்று வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அதில் இருந்து, விளக்கின் கீழ் ஒவ்வொரு கோதாகத் திருப்பிக் கீறல் பார்க்கிறாள். தேத்தண்ணியையும் கீழேயே கொண்டுவந்துவிடுகிறாள்.