செம்புப் பானையும் சுடும் இறாலும்

என் மனைவி ஓர் இறாலைக் கொன்றுவிட்டதாக நம்பிக்கொண்டே செத்துப்போனாள். கொன்றவன் நான். அவள் உயிரோடு இருந்தபோதே அது எனக்குத் தெரியும். இரண்டரை வருடம் சொல்லாமல் இருந்தேன்.

ஓர் இறாலுக்கு இத்தனை பேச்சா என்று கேட்கலாம். அவளும் முதலில் அப்படித்தான் கேட்டாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் உலோகங்களுக்கு முலாம் பூசும் கம்பெனி ஒன்றில் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஓய்வுக்குப் பிறகு கூடத்தில் நாலடிக் கண்ணாடித் தொட்டி வைத்து, உப்புக் கரைத்து, பவளம் வளர்க்கத் தொடங்கினேன். தண்ணீரைச் சோதிப்பதுதான் என் வாழ்நாள் வேலை. அது வீட்டுக்கே திரும்பி வந்தது போல இருந்தது.

சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையோரம் இருக்கும் மீன் கடையில்தான் அந்த இறாலை வாங்கினேன். கடைக்காரர் பிளாஸ்டிக் பையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார்.

“பிஸ்டல் எறா சார். ஒரு கை மட்டும் பெருசா கீது பாருங்க, அதாலதான் சுடும். டப்புனு சத்தம் வந்தா தொட்டி உட்டுக்கிச்சினு ஓடியாராதீங்க, கண்ணாடிய ஒண்ணும் பண்ணாது. ஆனா இது சும்மா இருக்காது, தோண்டிக்கினே இருக்கும். கல்ல மண்ணு மேல வெச்சீங்க, சரிஞ்சி அதுவே நசுங்கிடும். மொதல்ல கண்ணாடி மேல கல்லு, அப்பறந்தான் மண்ணு.”

“சரிப்பா.”

“சின்ன எறாலாம் கூடப் போடாதீங்க, சுட்டுத் துன்னுடும். வாட்ச்மேன் மீனு ஒண்ணு தரேன், அதான் இதுக்கு தோஸ்து. அப்பறம் செம்பு. துளி செம்புகூட தண்ணில சேரக்கூடாது. மீனாவது கொஞ்சம் தாங்கும், எறா தாங்காது.”

“செம்பப் பத்தி எனக்கா சொல்ற? முப்பது வருஷம் அதுலதான்பா குளிச்சேன்” என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எவ்வளவு பெருமையோடு சிரித்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்து கற்களையெல்லாம் வெளியே எடுத்து, அடிக்கண்ணாடியில் அசையாமல் உட்காரவைத்து, பிறகு மணலைப் பரப்பினேன். மீன் துள்ளி வெளியே விழாதபடி மேலே வலை கட்டினேன். தண்ணீர் சூடேறாமலிருக்கச் சின்ன ஃபேன் ஒன்றைப் பொருத்தினேன்.

“கறிக்குப் போடற எறாவுக்கு ஃபேன் வேறயா? நான் அடுப்பாண்ட வேர்த்து ஊத்திக்கினு கீறேன், எனுக்கு ஒண்ணு மாட்டுனீங்களா?” என்றாள் மனைவி.

மாட்டவில்லை. கடைசிவரை மாட்டவில்லை.

இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது வளையைத் தோண்டி மணலைத் தள்ளிக்கொண்டு வரும்போது, வாசலில் அந்த மீன் உட்கார்ந்து காவல் காக்கும். இறாலின் மீசைகளில் ஒன்று எப்போதும் மீன்மேல் பட்டுக்கொண்டே இருக்கும். மீன் வாலை லேசாக உதறினால் ஆபத்து என்று பொருள். இரண்டும் உள்ளே போய்விடும். ஒரே வாரத்தில் மனைவி முக்காலியை இழுத்துப் போட்டு மத்தியானமெல்லாம் தொட்டிமுன் உட்கார ஆரம்பித்தாள். இறாலுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தாள். கூடத்தில் ‘டப்’ என்று கேட்டால் சமையலறையிலிருந்து குரல் வரும்:

“மேஸ்திரி வேலைக்கு வந்துட்டாருபா!”

அந்தக் கோடையில் வீட்டு ஆர்ஓ மெஷின் பழுதானது. மெக்கானிக் நாளை நாளை என்று எட்டு நாள் இழுத்தடித்தார். ஃபேன் காற்றில் தொட்டித் தண்ணீர் தினமும் வற்றும்; உப்பில்லாத நல்ல தண்ணீரை ஊற்றி ஈடு செய்ய வேண்டும். எங்கள் போர் தண்ணீர் ஆகாது. மூட்டுவலிக்கு நல்லது என்று மனைவி குழாய் வைத்த செம்புப் பானை ஒன்று வாங்கி வைத்திருந்தாள். புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, கேன் தண்ணீரை அதில் ஊற்றி வைப்பாள். குழாயைத் திறந்தேன், ஜக்கில் பிடித்தேன், தொட்டியில் ஊற்றினேன். எட்டு நாளும் அதையேதான் செய்தேன். வற்றிப்போவது தண்ணீர் மட்டுந்தான், கரைந்த உலோகம் தொட்டியிலேயே தங்கிச் சேரும் என்பது என்னிடம் வேலை கற்க வந்தவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம். அது கம்பெனித் தண்ணீர். இது வீட்டுத் தண்ணீர், நாங்கள் குடிக்கிற தண்ணீர். அதைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்பதாம் நாள் காலையில் வளை வாசலில் இறால் ஓடு கிடந்தது. மனைவிதான் முதலில் பார்த்தாள்.

“இங்க பாருங்க, மேஸ்திரி சட்ட கழட்டிப் போட்டுகீறாரு!”

இறால் வளரும்போது ஓட்டை உரித்துப் போடும். முன்பு இரண்டு முறை பார்த்திருக்கிறோம். குச்சியால் தொட்டேன். வெறும் ஓடு மிதந்து நகரும். இது நகரவில்லை. உள்ளே உடம்பு இருந்தது.

முந்தின நாள் அவள் சமையலறையில் கரப்பான் பூச்சிக்கு ஸ்பிரே அடித்திருந்தாள். அதுதான் உடனே என் நினைவுக்கு வந்தது.

“நீதான் கொன்னுட்ட! எத்தன தடவ சொல்லியிருக்கேன், மருந்து அடிக்காதன்னு?”

“கதவ சாத்திக்கினுதாங்க அடிச்சேன்...”

“காத்துக்குக் கதவு இருக்கா?”

அவள் ஸ்பிரே டப்பாவைக் கொண்டுபோய்த் தெருக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து கையைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

இரண்டு நாள் கழித்து நத்தைகளும் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்தன. அப்போதுதான் சந்தேகம் வந்து தண்ணீரில் செம்பு இருக்கிறதா என்று சோதித்தேன். சோதனைக் குழாயில் நிறம் ஏறியது. அந்த நிறத்தை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். குழாயை வாஷ்பேசினில் கவிழ்த்து, நிறம் போகும்வரை தண்ணீரைத் திறந்து விட்டேன். அவள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பத்தடி தூரம். போய்ச் சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. முப்பது வருடம் செம்போடு வேலை பார்த்தவன் செம்பாலேயே கொன்றான் என்பதை என்னால் சொல்ல முடியவில்லை. செம்பை உறிஞ்சக் கரியைப் போட்டேன், தண்ணீரை மாற்றினேன், வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பானைத் தண்ணீரை அவள் கையால் தினமும் வாங்கிக் குடித்துக்கொண்டும் இருந்தேன்.

மௌனத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கடைக்காரரிடம் அவள் செய்ததாகச் சொன்னேன். முத்தாபுதுப்பேட்டையில் உறவினர் கல்யாணத்தில் அதை வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். என் தம்பி பந்தியில் அவளைப் பார்த்துக் கத்தினான்:

“இன்னா அண்ணி, எறா தொக்குக்கு ஸ்பிரேதான் மசாலாவா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இலையில் சோறு அப்படியே இருந்தது.

மீன் சாகவில்லை. வளை சரிந்து தூர்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். யாராவது கிட்டே போனால் வாலை உதறும், யாரையோ எச்சரிப்பது போல. ஒருநாள் குளித்துவிட்டு வரும்போது அவள் தொட்டிமுன் குனிந்து மெதுவாகப் பேசுவது கேட்டது.

“என்மேல கோவமாடா? தெரியாம பண்ணிட்டேன்டா.”

துண்டோடு வாசற்படியில் நின்றேன். பிறகு சத்தமில்லாமல் திரும்பிப் போனேன்.

போன ஐப்பசியில் அவளுக்கு மூச்சு முட்டியது. இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். ஆவடியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நான்காம் நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“ஊட்டுக்குப் போனதும் ஒரு எறா வாங்கி உடுங்க. அது ஒண்டியா கீது. நான் இனிமே எதுவும் அடிக்க மாட்டேன்.”

“இந்தா பாரு...” என்று ஆரம்பித்தேன். நர்ஸ் ஊசி போட வந்தார். என்னை வெளியே போகச் சொன்னார். அப்போது எனக்கு வந்தது நிம்மதி. அதையும் எழுதிவிடுகிறேன், நிம்மதிதான் வந்தது. மறுநாள் அவள் இல்லை.

போன மாதம் தண்ணீரை மூன்று முறை சோதித்துவிட்டுச் சென்னீர்குப்பம் போனேன். அவள் இறந்த விஷயம் கேட்டுக் கடைக்காரர் இறால் பிடிக்க எடுத்த வலையோடு என் பக்கம் திரும்பினார். பிறகு, “பாவம் சார் அம்மா. ஸ்பிரே அடிச்ச கதைய இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்” என்றார்.

“அவ இல்லப்பா. நான்தான். செம்புப் பானைத் தண்ணி.”

வலையைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“இத்த அம்மாகிட்ட சொன்னீங்களா சார்?”

பேருந்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். புது இறாலைக் கல்லருகே விட்டேன். நான்கு நாள் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் புது வளையின் வாசலில் மீன் உட்கார்ந்திருந்தது. அதன்மேல் ஒரு மீசை பட்டுக்கொண்டிருந்தது. டப் என்று ஒரு சத்தம். சமையலறைப் பக்கம் திரும்பினேன்.

சுவரில் அவள் படம் இருக்கிறது. படத்திடம் சொன்னால் அது சொன்னதாகாது. அதனால் அந்தக் கல்யாணப் பந்தியில் சிரித்தவர்கள் யாராவது படிப்பார்கள் என்று இதை எழுதுகிறேன். அவள் கதவைச் சாத்திவிட்டுத்தான் அடித்தாள். அந்த மருந்து சமையலறையைத் தாண்டி வரவே இல்லை.